பாதி வழியில் திரும்பிய ஹைட்ரஜன்

1

பதினோராம் வகுப்பு வேதியியலில், ஹைட்ரோகார்பன்கள் பாடத்தில், ஒரு வரிச் சமன்பாடு வரும். எத்திலீன், கூட்டல் குறி, ஹைட்ரஜன், ஒரு அம்புக்குறி, ஈத்தேன். அம்பின் தலைக்கு மேல் பொடி எழுத்தில் 'நிக்கல்'. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த ட்யூஷன் சென்டரில் உட்கார்ந்தாலும் இதைக் கால் நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். நேரமெல்லாம் பக்கத்திலேயே இருக்கும் மார்கோவ்னிகாஃப் விதிக்குப் போய்விடும். அதுதான் தேர்வில் வரும், நீட்டில் வரும், சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

அந்தக் கால் நிமிடச் சமன்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குறிப்பாக, அதிலுள்ள அம்புக்குறியைப் பற்றி.

அம்புக்குறி ஒரு சௌகரியமான பொய். இடப்பக்கம் கிளம்பியது வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். நடுவில் என்ன நடந்தது, யார் முதலில் வந்தார்கள், யாராவது பாதியில் திரும்பிப் போனார்களா என்றெல்லாம் சொல்லாது. அதைச் சொல்வதுதான் வினைவழிமுறை. மாணவர்கள் வேதியியலிலேயே அதிகம் வெறுக்கும் பகுதியும் அதுதான். வளைந்த அம்புகள், நேர்மின் சுமைகள், 'இதை ஏன் படிக்கணும்' என்கிற கேள்வி.

ஏன் படிக்கணும் என்பதற்கு ஒரு பதில் நம்ம ஊர் பேக்கரிக் கண்ணாடி அலமாரிக்குள் அறுபது, எழுபது வருஷமாக உட்கார்ந்திருந்தது.

2

முதலில் இரட்டைப் பிணைப்பு. இரண்டு கார்பன் அணுக்கள் இரண்டு கைகளாலும் ஒன்றையொன்று பிடித்திருந்தால் அது ஆல்க்கீன். அதில் ஒரு பிடி உறுதியானது. இன்னொன்று தளர்வானது, எலக்ட்ரான்கள் வெளியே தெரிகிற மாதிரி பரவியிருக்கும். வெளியிலிருந்து யாராவது வந்தால் அந்தத் தளர்ந்த பிடியை விட்டுவிட்டு, ஆளுக்கொரு விருந்தாளியைச் சேர்த்துக்கொள்ளும். இதுதான் சேர்க்கை வினை.

ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் விளாதிமிர் மார்கோவ்னிகாஃப் 1869-70இல் ஒரு ஒழுங்கைக் கவனித்தார். ஹைட்ரஜன் புரோமைடு போன்ற ஒன்று சமச்சீரற்ற ஆல்க்கீனில் சேரும்போது, ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகிறது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்கிற நியதி. இதே மார்கோவ்னிகாஃப், சக பேராசிரியர் ஒருவர் பதவி நீக்கப்பட்டதை எதிர்த்து 1871இல் கசான் வேலையை விட்டு வெளியேறியவர். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

விதி இருந்தது, காரணம் இல்லை. அதனால்தான் அது அவ்வப்போது பொய்த்தபோது யாருக்கும் ஏன் என்று புரியவில்லை. ஒரே ஆல்க்கீன், ஒரே ஹைட்ரஜன் புரோமைடு. ஒரு ஆய்வகத்தில் ஒரு பொருள், இன்னொன்றில் வேறு பொருள். 1933இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் காரஷ், மேயோ என்ற இருவர் முடிச்சை அவிழ்த்தார்கள். காற்றுபட்டுப் பழையதாகிப்போன ஆல்க்கீனில் பெராக்சைடுகள் உருவாகியிருந்தன. அவை இருந்தால் வினை வேறு வழியில் போகிறது. வழக்கமான பாதையில் முதலில் ஏறுவது ஹைட்ரஜன் அயனி. பெராக்சைடு இருக்கும்போது முதலில் ஏறுவது புரோமின் அணு. பேருந்தில் யார் முதலில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிக்கிறார்கள் என்பதைப் போலத்தான். மிச்ச இடம் தானாக முடிவாகிவிடும்.

1937இல் ராபர்ட்ஸ், கிம்பல் இருவரும் புரோமினுக்கு ஒரு பாதை சொன்னார்கள். ஒரு புரோமின் இரண்டு கார்பன்களையும் பாலம்போல் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பக்கம் அடைபட்டதால் இரண்டாவது புரோமின் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது என்று. இப்படி 1930கள் முழுக்க வேதியியலாளர்கள் அம்புக்குறியின் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். அதே பத்தாண்டில்தான் ஹைட்ரஜனின் பாதையும் தெரியவந்தது. அதற்கு முன் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

3

வேர்க்கடலையைத் தென்னாற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை மருவி வந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்துக் கடலை பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அங்கே அது எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. இன்றும் தமிழ்நாட்டு விவசாயி விதைக்கிற டி.எம்.வி. ரகங்களில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன.

கடலை எண்ணெயில் கணிசமான பங்கு ஒலியிக் அமிலம். பதினெட்டு கார்பன் கொண்ட சங்கிலி, நட்டநடுவில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலியின் இரு பாதிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இதை 'சிஸ்' அமைப்பு என்கிறோம். முழங்கை மடங்கிய மாதிரி ஒரு வளைவு. வளைந்த குச்சிகளைப் பெட்டியில் நெருக்கி அடுக்க முடியாது, இல்லையா? அதனால் ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. சென்னை வெயிலில் அது எப்போதும் எண்ணெய்தான். அந்த இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால் சங்கிலி நேராகிறது. அதன் பெயர் ஸ்டியரிக் அமிலம், உருகுநிலை ஏறக்குறைய 69 டிகிரி. மெழுகுவத்தி.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கும், ஆனால் சங்கிலியின் இரு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கம். 'டிரான்ஸ்' அமைப்பு. வளைவு கிட்டத்தட்ட இல்லை. பெயர் எலைடிக் அமிலம். உருகுநிலை சுமார் 45 டிகிரி. அணுக்களின் எண்ணிக்கை ஒலியிக் அமிலத்தில் இருப்பதேதான், ஒன்றுகூட மாறவில்லை. வடிவம் மாறியதும் எண்ணெய் கட்டியாகிவிட்டது. இது 1819இலேயே கண்ணில் பட்டது. மார்செய் நகரத்து மருந்தாளர் பூத்தே, ஆலிவ் எண்ணெயில் கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்தார். பாதரச நைட்ரேட் சேர்த்தால் நல்ல ஆலிவ் எண்ணெய் உறைந்துவிடும். ஏன் உறைகிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இனி நிக்கல். பிரான்சின் துலூஸ் நகரில் சபாட்டியேயும் சாண்டரன்ஸும் 1897 வாக்கில் எத்திலீன் வாயுவை நுண்ணிய நிக்கல் தூளின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தி ஈத்தேன் ஆக்கினார்கள். பாடப்புத்தகச் சமன்பாடு இதுதான். சபாட்டியேவுக்கு 1912இல் நோபல் பரிசு. ஆவிக்கு மட்டுமே இந்த முறை என்று நினைத்திருந்தபோது, ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் திரவ எண்ணெயிலேயே அதைச் செய்து 1902இல் காப்புரிமை வாங்கினார். 1911இல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து 'கிரிஸ்கோ' வந்தது. 1937இல் இந்தியாவில் 'டால்டா' வந்தது.

மஞ்சள் தகரம், பச்சைப் பனைமரம். டப்பா காலியானதும் அதில் துளசி வளர்ந்தது, அரிசி அளந்தது, மொட்டைமாடியில் தண்ணீர் பிடித்தது. வனஸ்பதி என்கிற சொல் லேபிளில்தான் இருந்தது. தெருவில் அது எந்தக் கம்பெனியுடையதானாலும் டால்டாதான். நெய்யைப் போல உறையும், நெய்யைப் போல மணல்மணலாக இருக்கும், நெய்யைவிட மலிவு. நம்ம புறநகர்கள் உருவானதும் இந்தக் காலத்தில்தான். அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியும் டயர் கம்பெனியும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், பிறகு எஸ்டேட்டும் வந்தன. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு டீக்கடையும் பேக்கரியும் வேண்டும். பஃப்ஸ் அடுக்கடுக்காகப் பிரிய வேண்டுமானால் அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும் கொழுப்பு வேண்டும். நெய் போட்டால் விலை கட்டாது, எண்ணெய் போட்டால் அடுக்கு நிற்காது.

4

ஒரு வசதியைக் கவனியுங்கள். எண்ணெய் முழுவதிலும் ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால் மெழுகு கிடைக்கும், சாப்பிட முடியாது. அதனால் தொழிற்சாலை பாதியில் நிறுத்த வேண்டும். வாயில் வைத்ததும் கரைய வேண்டும் என்றால் உடல் வெப்பமான 37 டிகிரியை ஒட்டி உருகும் பதம்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? சமன்பாட்டை மட்டும் நம்பினால் பதில் எளிது: கொஞ்சம் ஸ்டியரிக், மிச்சம் பழைய ஒலியிக். சேர்ந்தது சேர்ந்தது, சேராதது அப்படியே இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை வேதியியலாளர்கள் பாத்திரத்துக்குள் வேறொன்றும் இருப்பதை 1920களுக்குள்ளேயே கவனித்துவிட்டார்கள். ஒலியிக் அமிலத்தின் சூத்திரம், ஆனால் அது ஒலியிக் அமிலம் இல்லை. 'ஐசோ ஒலியிக்' என்று பெயர் வைத்தார்கள்.

அது எங்கிருந்து வந்தது என்பதற்கு 1934இல் ஒரு விடை கிடைத்தது. நாஜிகள் வந்ததால் பெர்லினை விட்டு மான்செஸ்டருக்குப் போன ஹங்கேரியர் மைக்கேல் பொலானி, அவரோடு வேலை செய்த ஜப்பானியர் ஜூரோ ஹொரியுட்டி. மூன்று வருஷம் முன்புதான் ஹைட்ரஜனின் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை அடையாளப் புள்ளியாக வைத்து உலோகத்தின் மேல் ஹைட்ரஜன் எப்படி நடமாடுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். கிடைத்த படம் இது.

ஹைட்ரஜன் மூலக்கூறு நிக்கலின் மேல் இறங்கியதும் இரண்டு தனி அணுக்களாகப் பிரிகிறது. ஆல்க்கீனும் இறங்குகிறது, தளர்ந்த பிடியை விட்டு, இரண்டு கார்பன்களும் ஆளுக்கொரு கையால் நிக்கலைப் பிடிக்கின்றன. ஒரு ஹைட்ரஜன் வந்து ஒரு கார்பனில் சேர்கிறது. இப்போது அந்த மூலக்கூறு ஒரே கையால் நிக்கலைப் பிடித்துத் தொங்குகிறது. பாதி வேலை முடிந்த நிலை. அடுத்த ஹைட்ரஜன் வந்துவிட்டால் கை விடுபடும், கதை முடியும்.

அது உடனே வராவிட்டால்? இந்தப் பாதி நிலையில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஒற்றைப் பிணைப்புதான். ஒற்றைப் பிணைப்பு அச்சைப் போல, அதைச் சுற்றி சங்கிலி தாராளமாகத் திரும்பலாம். திரும்பிய நிலையில் ஒரு ஹைட்ரஜன் மறுபடி நிக்கலுக்கே போய்விட்டால் இரட்டைப் பிணைப்பு மீண்டும் உருவாகும். வந்த அதே ஹைட்ரஜன்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பக்கத்துக் கார்பனிலிருந்து ஒன்று போனால் இரட்டைப் பிணைப்பே ஒரு இடம் தள்ளி உட்காரும். சங்கிலி திரும்பியிருந்தால் அது டிரான்ஸாக உட்காரும். உள்ளே போனது வளைந்த குச்சி, வெளியே வந்தது நேர்க்குச்சி.

நான் கோட் எழுதிச் சம்பாதிக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு பரிவர்த்தனை பாதியில் நின்றால் ரோல்பேக் செய்வோம். எல்லாம் பழைய நிலைக்கு அச்சு அசலாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தமே. நிக்கல் பரப்பில் நடப்பது பழைய நிலைக்குக் கொண்டுவராத ரோல்பேக். கணக்குப் பார்த்தால் எல்லா அணுவும் சரியாக இருக்கும், வடிவம் மட்டும் வேறு.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. ஹைட்ரஜன் தாராளமாக இருந்தால் இரண்டாவது அணு சீக்கிரம் வரும், திரும்புவது குறையும். அழுத்தம் குறைவு, வெப்பம் அதிகம், கந்தகம் ஏறித் தேய்ந்துபோன வினையூக்கி என்றால் திரும்புவது கூடும், டிரான்ஸ் பெருகும். தயாரிப்பாளருக்கு இது தொல்லையாகத் தெரியவில்லை. 45 டிகிரியில் உருகும் எலைடிக், கெட்டித்தன்மையை இலவசமாகவே கொடுத்தது.

சரி, தரச் சோதனையில் மாட்டாதா? எண்ணெய்க்கு அயோடின் எண் என்று ஒரு அளவு உண்டு. 1884இல் ஹ்யூப்ல் கொண்டுவந்தது, பிறகு வைஸ் திருத்தியது. நூறு கிராம் கொழுப்பு எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பது. தேங்காய் எண்ணெய்க்கு எட்டு, பத்து; கடலை எண்ணெய்க்கு எண்பத்தைந்துக்கு மேல். இதுவும் சேர்க்கை வினைதான். ஹைட்ரஜனுக்குப் பதில் அயோடின். ஆனால் அது இரட்டைப் பிணைப்புகளை எண்ணும், அவற்றின் வடிவத்தைப் பார்க்காது. சிஸ் என்றாலும் டிரான்ஸ் என்றாலும் அதற்கு ஒன்றுதான். டேஷ்போர்டில் எல்லாம் பச்சையாக எரியும், உள்ளே வேறு நடக்கும் என்று எங்கள் ஆபீஸ்களில் சொல்வோமே, அதுதான். டிரான்ஸைத் தனியாக அளக்க அகச்சிவப்பு நிறமாலைமானி வர வேண்டியிருந்தது, 1950 வாக்கில்.

5

இந்தியாவில் வனஸ்பதியைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. காந்தி 'ஹரிஜன்' இதழில் அதற்கு எதிராக எழுதினார். விடுதலைக்குப் பிறகு அதைத் தடை செய்ய நாடாளுமன்றத்தில் தாக்கூர் தாஸ் பார்கவா தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஆனால் சண்டையின் மையம் கலப்படம். நெய்யில் டால்டாவைக் கலக்கிறார்கள், மாடு வளர்க்கிறவன் வயிற்றில் அடிக்கிறார்கள் என்பது.

அரசு கண்ட தீர்வு புத்திசாலித்தனமானது. எல்லா வனஸ்பதியிலும் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்லெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு: ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் சிவக்கும். பொடுவான் சோதனை. நெய்யைச் சோதித்துச் சிவந்தால் அதில் டால்டா இருக்கிறது. வனஸ்பதிக்கே ஒரு நிறம் ஏற்றிவிடலாம் என்ற யோசனையும் வருஷக்கணக்கில் ஓடியது. கொதித்தாலும் போகாத, உடம்புக்கும் ஆகாத ஒன்றாக இல்லாத நிறம் அமையவில்லை.

ஆக, நாடு வனஸ்பதியிடம் 'நீ நெய்யா?' என்று கேட்டது. அதற்கு உறுதியான சோதனைக்குழாய்ப் பதிலும் வைத்திருந்தது. 'உனக்குள் என்ன இருக்கிறது?' என்ற கேள்வி யார் வாயிலும் வரவில்லை. அன்றைக்கு டிரான்ஸ் கெடுதல் என்று யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் இயற்கை எண்ணெயில் இல்லாத ஒரு மூலக்கூறு, அதுவும் கணிசமான அளவில், கோடிக்கணக்கானவர்களின் தட்டுக்குப் போகிறது என்பது தெரிந்த விஷயம். அதைத் தெரிந்தவர்கள் வேதியியல் சஞ்சிகைகளைப் படித்தார்கள். தட்டில் போட்டுச் சாப்பிட்டவர்கள் படிக்கவில்லை.

1957இல் அமெரிக்காவில் ஃப்ரெட் கும்மரோவும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதைக் காட்டினார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலம் நிறைவுற்ற கொழுப்பைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தது. 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் மனிதர்களுக்கு உணவு கொடுத்துச் சோதித்து, டிரான்ஸ் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று நிறுவினார்கள். நிறைவுற்ற கொழுப்புகூட அந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. 1993இல் அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, மாரடைப்போடு அதற்குள்ள தொடர்பைக் காட்டியது. 2003இல் டென்மார்க் 2 சதவீத வரம்பு வைத்தது. கும்மரோ விடவில்லை. அமெரிக்க அரசு அமைப்பின் மேல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 98. 2015இல் அமெரிக்கா பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களை விலக்க முடிவெடுத்ததைப் பார்த்துவிட்டு, 2017இல், 102 வயதில் இறந்தார்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் படிப்படியாக இறங்கி வந்தது. முதலில் 10 சதவீதம், பிறகு 5, 2021இல் 3, 2022 ஜனவரியிலிருந்து 2. ஹொரியுட்டியும் பொலானியும் அந்தப் பாதையை வரைந்தது 1934. டால்டா வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. சட்டம் முழுதாக வந்தது எண்பத்தெட்டு வருஷம் கழித்து.

6

இதிலிருந்து 'பழையதெல்லாம் நல்லது, நெய்யும் மரச்செக்கும் போதும்' என்று முடிவெடுக்கத் தோன்றும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் இப்போது மெயின் ரோட்டுக்கு மெயின் ரோடு மரச்செக்குக் கடை இருக்கிறது. வேதியியல் அவ்வளவு சுலபமாகப் பக்கம் சாயாது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களும் புல்லில் உள்ள கொழுப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கின்றன, அங்கேயும் வேலை பாதியில் நிற்கிறது. அதனால் அம்பத்தூர் ஆவின் பண்ணைக்கு வரும் பாலிலும், அதன் நெய்யிலும், கொஞ்சம் டிரான்ஸ் இயற்கையாகவே உண்டு. அளவு சிறியது, வகையும் வேறு. 2 சதவீத வரம்பு இதற்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டையும் வினை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பேச முடியும். 'இயற்கை', 'செயற்கை' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பேச முடியாது.

தொழிற்சாலைகளும் பாடம் கற்றன. இப்போதைய பேக்கரிக் கொழுப்பில் பெரும்பகுதி பாமாயிலிலிருந்து வருகிறது. அது பாதி நிறைவுற்றதாகவே பிறப்பதால் ஹைட்ரஜன் ஏற்றாமலே கெட்டியாகும். இன்னொரு வழி, கொழுப்பு மூலக்கூறின் மூன்று கைகளிலும் உள்ள அமிலங்களை இடம் மாற்றிப் பூட்டுவது. பாக்கெட்டில் 'இன்டர்எஸ்டரிஃபைடு' என்று பல்லை உடைக்கும் ஒரு சொல் இருக்குமே, அது இதுதான். இந்த முறையில் இரட்டைப் பிணைப்பைத் தொடுவதே இல்லை. தொடாவிட்டால் டிரான்ஸும் இல்லை. டிரான்ஸ் போயிற்று, நிறைவுற்ற கொழுப்பு ஏறிற்று. முந்தையதைவிட மேல், ஆனால் அதற்காக இரண்டு பஃப்ஸ் சேர்த்துச் சாப்பிட வேண்டியதில்லை.

பாக்கெட் பிஸ்கட்டுக்காவது லேபிள் இருக்கிறது. டிரான்ஸ் எத்தனை சதவீதம் என்று படித்துக்கொள்ளலாம். கண்ணாடி அலமாரிக்குள் பல்பு வெளிச்சத்தில் இருக்கும் பஃப்ஸுக்கு லேபிள் கிடையாது. அதை அதிகம் சாப்பிடுகிறவர்கள் நைட் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு டீயோடு நிற்கிறவர்கள். 1940களில் கேட்காமல் விட்ட கேள்வி இப்போது சட்டத்தில் இருக்கிறது. அதைக் கடையில் கேட்க ஆள் வேண்டும். 'இது என்ன கொழுப்புண்ணே, டின்னைக் கொஞ்சம் காட்டுங்க' என்று கேட்டால் முறைப்பார்கள். ஆனாலும் பெரும்பாலும் காட்டுவார்கள்.

பதினோராம் வகுப்பில் படிக்கிற தம்பி, தங்கை யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லலாம். அந்தச் சமன்பாட்டில் அம்புக்குறியின் நடுவே, பென்சிலால், ஒரே கையால் நிக்கலைப் பிடித்துத் தொங்கும் அந்தப் பாதி மூலக்கூறை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் திரும்பிப் போகிற மாதிரி ஒரு சின்ன அம்பும். அதற்குத் தேர்வில் மார்க் கிடையாது. ஆனால் எந்தச் சமன்பாட்டைப் பார்த்தாலும் நடுவில் யாராவது திரும்பியிருப்பார்களோ என்று ஒரு நொடி யோசிக்கும் பழக்கம் வரும்.